எக்ஸ்ரேயில் தெரியாத வலிக்கு ரிப்போர்ட் வாங்கிய கதை

கன்ன எலும்பு உடைந்தால் மலேசியாவில், எங்கள் பினாங்கில் எல்லாம் கடகடவென்று நடக்கும். ஆம்புலன்ஸ், சிடி ஸ்கேன், ஆபரேஷன், பிளேட், எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு, சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிப் பாரம், எதிலும் குறை சொல்ல முடியாது. எலும்பு கூடிய பிறகும் கன்னம் எரிகிறது என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

பிறையில் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கண்ணுக்குக் கீழிருந்து மேலுதடு வரை மரத்துக் கிடந்தது. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். பலருக்கு அப்படித்தான் சரியாகிறதாம். எனக்கோ மரமரப்பு போகாமலேயே அதன் மேல் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. ஹெல்மெட்டின் உள்பஞ்சு பட்டால் சுரீர் என்றது. தொழிற்சாலையில் ஏர்கோன் காற்று அடித்தால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். அந்தப் பக்கம் சவரம் செய்வதையே விட்டுவிட்டேன். அதற்கும் சூப்பர்வைசரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

பானடோல் வலி மாத்திரை எதுவும் செய்யவில்லை. மேல்வரிசை முன்பற்களும் வலித்ததால் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனேன். பல்லில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் வேர்ச் சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார்கள். என் பல்லா பரிசோதனைச் சாலை? எழுந்து வந்துவிட்டேன். நல்ல வேளை. அந்தப் பற்களுக்கு உணர்வு கொடுப்பதும் அடிபட்ட அதே நரம்பின் கிளைதான் என்று பிறகு தெரிந்தது. வேர்ச் சிகிச்சை செய்திருந்தால் பல்லின் உயிரும் போயிருக்கும், வலியும் இருந்திருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிச்சல். ஒரு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள். அதில் முகத்தை அசைக்கும் நரம்பில் காயம் என்று எழுதியிருந்ததால், வாரக்கணக்கில் காத்திருந்து நான் போய்ச் சேர்ந்த இடம் பிசியோ. புருவத்தைத் தூக்குங்கள், கண்ணை இறுக்கி மூடுங்கள், பல்லைக் காட்டுங்கள் என்றார்கள். எல்லாவற்றையும் பிரமாதமாகச் செய்தேன். "உங்களுக்கு ஒன்னுமே இல்லையே அண்ணே" என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார் அந்தப் பெண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முகத்தை அசைப்பது ஏழாவது மண்டை நரம்பு. முகத்தில் பட்டதையும் சுட்டதையும் மூளைக்குச் சொல்வது ஐந்தாவது. கன்ன எலும்பை ஒட்டிய மேல்தாடை எலும்பின் வழியாக வந்து, கண்ணுக்குக் கீழே ஒரு துளையில் வெளிப்படும் கிளை அந்த ஐந்தாவதைச் சேர்ந்தது. கடிதத்தை வாங்கியதும் எந்த நரம்பு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

ஒருவழியாக வாய், தாடை அறுவை நிபுணரிடம் தேதி கிடைத்தது. அவர் முதலில் கேட்டது ஆபரேஷன் குறிப்பு. அது இருந்தது இன்னொரு மருத்துவமனையில். அங்கே ரெக்கார்டு கவுன்டரில் போனிலிருந்து தலையைத் தூக்காமலே ஒருவர், "என்சிக், ஃபைல் பெலும் ஜும்பா" என்பார். எப்போது போனாலும் ஃபைல் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு தடவை வெள்ளிக்கிழமை மதியம் போய்விட்டு, தொழுகை நேரம் முடிந்து கவுன்டர் திறக்கும்வரை உட்கார்ந்திருந்து அதே பதிலை வாங்கி வந்தேன். கடைசியில் அங்கே வேலை பார்த்த ஒரு தமிழ் அக்காதான், "தம்பி, ஒங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டார். என் பெயரில் ஏ/எல்லுக்கு (இன்னாரின் மகன் என்று அர்த்தம்) பின்னால் இருந்த அப்பா பெயரில் ஃபைலைப் போட்டு வைத்திருக்கிறார்கள்! அப்பா இறந்து எவ்வளவோ காலமாகிறது. ஐசி (அடையாள அட்டை) நம்பரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள், பெயரை நம்பாதீர்கள். முடிந்தால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே ஆபரேஷன் குறிப்புக்கு மனு கொடுத்துவிடுங்கள்.

அந்தக் காகிதத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. முறிவுக்கோட்டில் நரம்பு நசுங்கியிருந்தது என்று எழுதியிருந்தது.

நிபுணர் வயதில் சின்னவர். பஞ்சு நுனியால் கன்னத்தைத் தடவினார், துள்ளிவிட்டேன். ஊசி முனையால் தொட்டார், அதே இடத்தில் சரியாகவே தெரியவில்லை. "பஞ்சு வலிக்குது, ஊசி தெரியல. அப்ப நரம்புதான் அண்ணா" என்றார். பேனாவால் என் கன்னத்தில் எல்லை வரைந்து போட்டோ எடுத்துக்கொண்டார். நசுங்கிய நரம்பு சரியாக ஆறாவிட்டால் யாரும் தொடாமலே தானாகச் சமிக்ஞை அனுப்புமாம். அது ஓயாமல் வந்துகொண்டிருந்தால் மூளைத்தண்டில் அதை வாங்கும் செல்களும் கூர்மையாகிப்போய், பஞ்சு பட்டதைக்கூட வலி என்றே எடுத்துக்கொள்ளும். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலிக் கணக்கு. எலும்பு படத்தில் அழகாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இவ்வளவு நாளாக ஒருவரும் பஞ்சை எடுக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மருந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்பு ஒரு டாக்டர் கார்பமசெபின் என்ற நரம்பு வலி மருந்தை எழுதப் பார்த்தார். நம் பக்கத்து மக்களில் சிலருக்கு எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உண்டு. அவர்களுக்கு அந்த மருந்து தோலை உரித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்காமல் தொடங்காதீர்கள். எனக்கு நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், கூடவே கபாபென்டின், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வாய் வறளும். காலையில் தலை கனக்கும், அந்த நேரத்தில் மோட்டார் எடுக்காதீர்கள். வலி போகவில்லை, ஆனால் ஹெல்மெட் போட முடிகிறது.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோவில் நிரந்தர ஊன மதிப்பீட்டுக்கும் மனு போட்டிருக்கிறேன். நரம்பு பெயர் எழுதிய ரிப்போர்ட், அந்தப் பேனாக் கோட்டுப் போட்டோ இரண்டையும் வைத்திருக்கிறேன். ஊனத்தை மதிப்பிடும் மருத்துவக் குழுவின் (ஜெமாஆ டோக்டர்) தேதி இன்னும் வரவில்லை. மாத மருந்துக்காகப் பினாங்குப் பாலம் ஏறி வரிசையில் நிற்பவர்கள் பார்மசி கவுன்டரில் தபாலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு இப்போது பட்டர்வொர்த் வீட்டுக்கே வந்துவிடுகிறது.