அம்மாவின் தோள்: மன்னார்குடி நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

அம்மாவால் வலக்கையைத் தூக்க முடியாமல் போய் மூன்று மாதங்கள் ஆகின்றன. கொடியில் துணி உலர்த்தக்கூட இடக்கையைத்தான் நம்பியிருக்கிறார். எக்ஸ்ரேயில் எலும்பில் குறை ஏதுமில்லை. தோள் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுப் பை தடித்துச் சுருங்குவதால் வரும் இறுக்கம் இது என்றும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வருவது என்றும் விளக்கிய எலும்பு மருத்துவர், சீட்டில் பிசியோதெரபி என்று எழுதிக் கொடுத்தார். எங்கே போவது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஜூன் 8, சனி

நான்கு நாட்களாக ஓரிடத்துக்குப் போய் வருகிறோம். தோளில் பட்டைகளை ஒட்டி இருபது நிமிடம் கரண்ட் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பிசியோதெரபி என்றாலே 'கரண்ட் வைப்பது' என்றுதான் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வலி சற்று மட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் அம்மாவின் கையை இதுவரை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. சீப்பு இன்னும் காது வரைதான் எட்டுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்களே என்று சுகாதாரச் செவிலியரிடம் விசாரித்தேன். அது நடமாட முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு உரியது என்றார். பக்கவாதத்தில் விழுந்த எங்கள் தெருப் பெரியவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை நேரில் பார்த்தவள் நான். நடந்து போகக்கூடிய நாங்கள் அதைக் கேட்பது முறையன்று. "பி.பி.டி.ங்கிற பிசியோதெரபி பட்டம் படித்தவரா, முதல் நாளே சோதித்து எழுதி வைக்கிறாரா, இந்த இரண்டையும் பாருங்கம்மா" என்று சொல்லி, கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒருவரைக் காட்டினார்.

ஜூன் 13, வியாழன்

இன்று ஒரு மணி நேரம் ஆயிற்று. கரண்ட் வைக்கவே இல்லை. மூன்று மாத சர்க்கரை அளவு, எந்தப் பக்கம் படுத்தால் வலி என்று எல்லாவற்றையும் கேட்ட அந்த இளம்பெண், பள்ளிக்கூடக் கோணமானிக்கு இரண்டு நீண்ட கைகள் பொருத்தினாற்போன்ற கருவியைத் தோளில் வைத்து அளந்தார். 180 பாகை வரை எழ வேண்டிய கை 95-இல் நின்றது. பிறகு அம்மாவைத் தளர்வாக இருக்கச் சொல்லித் தாமே தூக்கிப் பார்த்தார். அப்போதும் அதே இடத்தில் நின்றது. தசைநார் கிழிந்திருந்தால், தானாக எழாத கையைப் பெரும்பாலும் பிறர் தூக்கிவிட முடியும்; பை இறுகியிருந்தால் யார் தூக்கினாலும் நகராது என்று அவர் விளக்கியபோதுதான், இவருடைய வேலை கருவியில் இல்லை, கையிலும் கண்ணிலும் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

குனிந்து நின்று கையை ஊசல்போல ஆட்டுவது, சுவரில் விரல்களை மெல்ல மெல்ல ஏற்றுவது என இரண்டு பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார். "ஒரு வாரத்துல சரியாயிடும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்கம்மா. மாசக்கணக்குல ஆகும். செஞ்சு முடிச்சப்புறமும் ரொம்ப நேரம் வலிச்சா, மறுநாள் அளவைக் குறைச்சுக்கோங்க."

ஜூலை 18, வியாழன்

கூடத்துச் சுவரில் அம்மாவின் விரல் எட்டிய இடத்தில் வாரம் ஒரு பென்சில் கோடு போட்டு வருகிறேன். ஐந்து கோடுகள் ஆகிவிட்டன. மூன்றாவதும் நான்காவதும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று, அந்த வாரம் அம்மா மிகவும் சோர்ந்திருந்தார். இன்றைய அளவு 128 பாகை. காலையில் தாமே வகிடு எடுத்துக்கொண்டு, பின்னுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.