மூன்று கொண்டை ஊசியும் ஓர் ஈர்க்குச்சியும்: நெட் தேர்வுக்கு வைரஸ் நுழைவைப் படித்த கதை

சிஎஸ்ஐஆர் நெட் (ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வு) உயிர் அறிவியலுக்கு முதல் தடவை படித்தபோது, நான்காம் அலகில் வரும் வைரஸ் நுழைவுக்கு, அதாவது வைரஸ் செல்லுக்குள் புகும் விதத்துக்கு, ஓர் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். மாரவிராக், என்ஃபுவிர்டைடு, இபாலிசுமாப் என்ற எச்ஐவி மருந்துகள் எல்லாம் ‘நுழைவுத் தடுப்பான்’ என்று ஒரே கட்டத்தில். மாதிரித் தேர்வின் சி பகுதியில், வைரஸ் உறையும் செல் சவ்வும் ஒன்றாகும் இணைவையே நேரடியாகத் தடுப்பது எது என்று கேட்டிருந்தார்கள். மாரவிராக்கை டிக் செய்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். 4 மதிப்பெண் போச்சு, மைனஸ் வேறு.

அப்புறம்தான் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எது முதலில் நடக்கிறது, எது அடுத்து என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். எச்ஐவியின் மேற்பரப்புப் புரதமான ஜிபி120 முதலில் செல்லின் சிடி4 என்ற ஏற்பியைப் பிடிக்கிறது. இபாலிசுமாப் போய் ஒட்டுவது இந்த சிடி4 மேல். அடுத்து சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற துணை ஏற்பியைப் பிடிக்கிறது. மாரவிராக் சிசிஆர்5-ஐ மட்டும் அடைக்கிறது. அதற்குப் பிறகுதான் ஜிபி120-உடன் சேர்ந்திருக்கும் இணைவுப் புரதமான ஜிபி41 நீண்டு, தன் நுனியைச் செல்லின் சவ்வில் குத்துகிறது. என்ஃபுவிர்டைடுக்கு வேலை இங்கேதான்.

இந்த இடம் மட்டும் படத்தைப் பார்த்து எனக்குப் புரியவே இல்லை. அம்மாவின் கொண்டை ஊசிகள் மூன்றை எடுத்து நேராக்கினேன். ஒவ்வோர் ஊசியும் ஒரு ஜிபி41 (மூன்று சேர்ந்தே வேலை செய்யும்); ஒரு முனை செல்லின் சவ்வில், மறு முனை வைரஸின் உறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் பக்கத்துப் பாதிகள் மூன்றையும் ரப்பர் பேண்டால் கட்டினேன், அதுதான் ஜிபி41-இல் எச்ஆர்1 எனப்படும் பகுதி. மீதிப் பாதிகள் எச்ஆர்2. அவற்றை மடக்கி, உள்கட்டின் பள்ளங்களில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தால் இரு முனைகளும் ஒரே பக்கம் வந்துவிடும். கூடவே இரண்டு சவ்வுகளும் ஒட்ட வந்துவிடும். ஆறு ஹெலிக்ஸ் (சுருள்) கட்டு என்பது இவ்வளவுதான். இப்போது பள்ளத்தில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகுங்கள். ஊசி மடங்கி உட்கார இடமில்லை. 36 அமினோ அமிலம் கொண்ட என்ஃபுவிர்டைடு, எச்ஆர்2-இன் நகலாக அந்தப் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2003-இல் அனுமதி கிடைத்தது. பெப்டைடு (குட்டிப் புரதம்) என்பதால் மாத்திரையாகத் தர முடியாது. தினமும் இரண்டு ஊசி. ஜிபி41 நீண்டு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மருந்துக்குப் பள்ளம் கிடைக்கும். மடங்கி முடிந்த பிறகு சேர்த்தால் பலனில்லை. சோதனை அடிப்படையிலான கேள்விகளில் இந்த நேரக் கணக்கைத்தான் நோண்டுவார்கள்.

சி பகுதிக்கு இன்னொன்றும் பார்த்து வையுங்கள். செல்களில் அமோனியம் குளோரைடு சேர்த்தால் எந்த வைரஸ் மாட்டும்? இன்ஃப்ளூயன்ஸா. அதன் இணைவுப் புரதமான ஹீமக்ளூட்டினின் வடிவம் மாற, வைரஸைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பையான எண்டோசோமின் அமிலம் வேண்டும். அமோனியம் குளோரைடு அந்த அமிலத்தைக் குறைத்துவிடுகிறது. எச்ஐவியின் இணைவுக்கு அமிலம் தேவையில்லை, ஏற்பிகளே போதும். பழைய இன்ஃப்ளூயன்ஸா மருந்தான அமன்டடினையும் ஹீமக்ளூட்டினினைத் தடுப்பது என்று நான் இந்தக் கணக்கில் சேர்த்திருந்தேன். அது தப்பு: அது அடைப்பது வைரஸ் உறையிலுள்ள எம்2 என்ற அயனிக் கால்வாயை, ஹீமக்ளூட்டினினை அல்ல.

டெங்குவுக்கு மட்டும் கொண்டை ஊசியை எடுக்காதீர்கள். எச்ஐவி, இன்ஃப்ளூயன்ஸாவின் இணைவுப் புரதங்கள் முதல் வகை; டெங்குவின் இ புரதம் இரண்டாம் வகை. சுருள்கள் அல்ல, பெரும்பாலும் பீட்டா தகடுகள் என்ற தட்டையான மடிப்புகள். இரண்டிரண்டாக வைரஸின் மேல் படுத்திருப்பவை, அமிலம் பட்டதும் மும்மூன்றாகச் சேர்ந்து நிமிர்கின்றன. அதற்கு நான் தனித்தாளில் படம் போட்டுக்கொண்டேன்.