80070643: பதினெட்டு நாள் அலையவிட்ட பிழை எண்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத்தான் அந்த அப்டேட் என் லேப்டாப்பில் ஏறியது. விண்டோஸின் கேபி 5034441 (ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தரும் எண் அது). தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பித் திரையைக் காட்டினேன். அவரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். வீட்டில் எல்லோரையும் படுத்தியிருக்கிறது, அது ஏறாமல் காட்டிய 80070643 என்ற பிழை எண்.

நான் திருமங்கலத்தில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். தை மாதம் என்றால் கல்யாணப் பத்திரிகைகள், அதோடு பிஎச்டி மாணவர்களின் ஆய்வேடுகள். லேப்டாப்பில் விண்டோஸ் 10 ப்ரோ இருக்கிறது. ப்ராசசர் ஏழாம் தலைமுறை என்பதால் 11 ஏறாது. அடுத்தவர்களின் உழைப்பு உள்ளே இருக்கிறதே என்று டிஸ்க்கையே பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.

2024 ஜனவரி 9-ல் வெளியான அப்டேட் இது. மறுநாள் காலை மற்றவை எல்லாம் ஏறிவிட்டன, இது மட்டும் நின்றது. ரீட்ரை கொடுத்தால் கொஞ்ச தூரம் ஓடி, திரும்பவும் அதே 80070643. இணையத்தில் இந்த எண்ணைத் தேடினால் பல மென்பொருள்கள் ஓடத் தேவையான டாட்நெட்டைச் சரிசெய்யுங்கள், விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரைப் பாருங்கள் என்று வந்தது. அவற்றுக்கும் இதே எண்தான் வருமாம். எல்லாம் செய்தேன். ட்ரபுள்ஷூட்டர் ஓட்டினேன், அப்டேட்கள் இறங்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன் ஃபோல்டரைக் காலி செய்தேன், விண்டோஸ் கோப்புகளைச் சோதிக்கும் எஸ்எஃப்சி, டிஸ்ம் இரண்டையும் ஓட்டினேன். எதிலும் குறை இல்லை என்றே பதில் வந்தது. இடம் போதவில்லையோ என்று சி டிரைவில் 90 ஜிபி காலி செய்தேன். பொங்கல் விடுமுறை முழுக்க இதிலேயே போனது.

அப்புறம்தான் மதுரையில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த தம்பி திரையை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

“விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சுக்கா. ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுருவோம்.”

“வேண்டாம் தம்பி. நாலு பேரோட தீசிஸ் உள்ளே இருக்கு. ஃபாண்ட் எல்லாம் திரும்பப் போட்டு முடிக்கவே ஒரு வாரம் ஆகும்.”

“சரி, வச்சுட்டுப் போங்கக்கா. பார்க்கிறேன்.”

பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் போனேன். “சரியாயிருச்சுக்கா, இனி வராது” என்றார். 300 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். பிழையைக் காட்டிய சிவப்பு எழுத்து போயிருந்தது உண்மைதான். ஐந்தாறு நாள் கழித்து, சரிபார்க்கலாமே என்று ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்தினேன். இப்போது வேறு எண் வந்தது: 80070422. அப்டேட்டை நடத்தும் சர்வீஸே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் அர்த்தம். சர்வீசஸ் பட்டியலைத் திறந்தேன். விண்டோஸ் அப்டேட் என்ற வரியில் ‘டிஸேபிள்ட்’ என்று இருந்தது. நோயைத் தீர்க்காமல் வாயைக் கட்டி அனுப்பியிருக்கிறார். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல்கூட அத்தனை நாளும் புதுப்பிக்கப்படவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. கடையிலிருந்து கணினியை எடுத்து வரும்போது, அங்கேயே நின்று ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்திப் பாருங்கள். அரை நிமிட வேலை.

சர்வீஸைத் திரும்ப ஓடவிட்டேன். பழைய 80070643 வந்தது. இந்த முறை பிழை எண்ணை விட்டுவிட்டு, கேபி எண்ணை வைத்துத் தேடினேன். இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தப் பதினெட்டு நாள் மிச்சம். அந்த அப்டேட்டின் அதிகாரபூர்வ விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது: உண்மையான காரணம் இடப் பற்றாக்குறை, ஆனால் பிழையைக் கையாளும் பகுதியில் உள்ள கோளாறால் சில கணினிகளில் 80070643 என்று தவறாகக் காட்டும் என்று. நான் நம்பிப் பின்னால் ஓடிய எண்ணே தப்பான எண்.

இடம் போதாதது சி டிரைவில் இல்லை. விண்டோஸ் கிளம்பாமல் போனால் கைகொடுக்கும் ரெகவரி பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கில் அதற்கென்று பிரித்து வைத்த தனிப் பகுதியில். அது கண்ணுக்குத் தெரியாது, அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது. இந்த அப்டேட் ஏற அதற்குள் 250 எம்பி காலியாக இருக்க வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் ரெகவரி பார்ட்டிஷன் நூறு சதவீதம் காலி என்று காட்டும், அதை நம்பாதீர்கள். பவர்ஷெல்லில் கெட்-வால்யூம் கொடுத்துப் பார்த்தேன். என்னுடையது மொத்தமே 529 எம்பி, அதில் காலி 83.

விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் இது அடைப்பது பிட்லாக்கர் ஓட்டையை. கணினி கையில் கிடைத்த ஒருவர், ரெகவரி வழியாகப் போய்ப் பூட்டைத் தாண்டிவிடலாம். பாஸ்வேர்டோடு கடையில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு வந்தவளுக்கு அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

தீர்வு, அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டுப் பெரிதாக உருவாக்குவது. இனிமேல் சொல்வதை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுத்தேன். பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தினேன். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து ரீஏஜென்ட்-சி கட்டளையை ‘இன்ஃபோ’ என்று கொடுத்தால், ரெகவரி எந்த டிஸ்க்கில் எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்று சொல்லும். எனக்கு டிஸ்க் 0, பார்ட்டிஷன் 4. பழைய பத்திரிகைப் ப்ரூஃப் ஒன்றின் பின்பக்கம் அதைப் பெரிதாக எழுதி வைத்தேன்.

அடுத்து அதே கட்டளையில் ‘டிஸேபிள்’. இதைச் செய்யும்போது வின்ஆர்ஈ என்ற ரெகவரி கோப்பு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-ல் உள்ள ரெகவரி ஃபோல்டருக்கு வந்து சேர வேண்டும். மறைந்திருக்கும் கோப்பு என்பதால் சும்மா திறந்தால் தெரியாது, மறைந்தவற்றையும் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அது அங்கே வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். கோப்பு இல்லாமல் பார்ட்டிஷன் போய்விட்டால், கடைசியில் ‘எனேபிள்’ கொடுக்கும்போது கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடும். அப்புறம் விண்டோஸை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி அதிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

பார்ட்டிஷன்களைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து சி டிரைவைச் சுருக்கினேன். விளக்கத்தில் 250 எம்பி என்றுதான் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு அப்டேட் வந்து இதே கதை ஆகக் கூடாது என்று 750 எடுத்தேன். தகராறில்லாமல் முடிந்தது.

பிறகுதான் அந்தக் கட்டளை. ‘டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’. இது “நிச்சயமா?” என்று கேட்காது, எண்டர் தட்டினால் அவ்வளவுதான். என் பார்ட்டிஷன் 5, டி டிரைவ். நாலு ஆய்வேடுகளும் அதில்தான். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு விரல் தூரம். நாலைத் தேர்ந்தெடுத்தபின் திரும்பவும் பட்டியலைக் கேட்டு, நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது, அந்த வரியில் 529 எம்பி இருக்கிறதா என்று காகிதத்தை வைத்துப் பார்த்தேன். கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். “நாலு, ஐநூத்தி இருபத்தொன்பது” என்று அவர் சொன்ன பிறகே எண்டரைத் தொட்டேன்.

புதிய பார்ட்டிஷன் உருவாக்கும்போது, இது ரெகவரிக்கானது என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஒரு நீளமான அடையாள எண் கொடுக்க வேண்டும். அதைக் கையால் தட்டாதீர்கள், நோட்பேடில் ஒட்டி வைத்து அங்கிருந்து எடுங்கள். அந்த எண் ஜிபிடி வகை டிஸ்க்குக்கு மட்டுமே. ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்தால் ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வகை, அதற்குக் கட்டளை வேறு. ஃபார்மட் செய்தேன், வெளியே வந்து ‘எனேபிள்’ கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. ரீட்ரை. ரீஸ்டார்ட்கூடக் கேட்காமல், இரண்டு நிமிடத்துக்குள் ஏறிவிட்டது. பிட்லாக்கரைத் திரும்ப ஓடவிட்டேன். இன்று காலை முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினேன்.

பிட்லாக்கர் போடாதவர்கள் இதற்காகப் பார்ட்டிஷனில் கை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மற்ற அப்டேட்கள் பாட்டுக்கு ஏறின, இந்த ஒரு சிவப்பு வரியைப் பொறுத்துக்கொள்ளலாம். போட்டிருப்பவர்கள், பேக்கப் எடுத்துவிட்டு, தூக்கக் கலக்கம் இல்லாத நேரத்தில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.