யோகோஹாமாவில் ஜாமீன் கேட்கிறார்கள்

கரூர்த் துண்டும் மேசைவிரிப்பும் விற்கத்தான் யோகோஹாமா வந்தேன். சாம்பிள் வைக்க ஒரு சின்ன அறை கேட்டுப் போனால், தேநீர் கொடுத்து, குனிந்து வணங்கி, ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு ஜப்பானியர் இருக்கிறாரா என்றார் வீட்டுப் புரோக்கர். இல்லை என்றதும் இன்னொரு வணக்கம்: கட்டடக்காரருக்கு வெளிநாட்டவர் வேண்டாமாம். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை, அதுதான் ரொம்ப வலித்தது.

கோபத்தில் துறைமுகம் வரை நடந்துவிட்டேன். அங்கே சில்க் சென்டர் நிற்கிற இடம்தான், 1859-ல் வெளிநாட்டவருக்குத் துறைமுகம் திறந்தபோது ஜார்டைன் மேத்சன் என்ற பிரிட்டிஷ் வியாபாரக் கம்பெனிக்காக வில்லியம் கெஸ்விக் வந்து பிடித்த ஒன்றாம் எண் மனை. மனை கிடைத்ததே தவிர, அப்படி வந்த வெளிநாட்டு வியாபாரிகளுக்கு எந்தப் பக்கமும் சுமார் 40 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதி இல்லை. ஐரோப்பாவில் பட்டுப்புழுவுக்கு நோய் வந்து ஜப்பான் பட்டுக்குப் பெரிய கிராக்கி, ஆனால் இன்றைய குன்மா பக்கத்துப் பட்டு ஊர்களுக்குப் போய் வாங்க வழியில்லை. உள்ளூர் வியாபாரி மூட்டையோடு வரும்வரை காத்திருக்க வேண்டும். பேச்சும் புரியாது. சீனாவிலிருந்து கூட்டி வந்த ஆட்கள், ஜப்பானியருக்கும் படிக்கத் தெரிந்த சீன எழுத்தைத் தாளில் எழுதிக்காட்டித்தான் பேரம் பேசினார்கள். நூலைத் தடவிப் பார்த்தபடி, எதிரே இருப்பவர் தலையசைப்பது சம்மதத்துக்கா மரியாதைக்கா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதை நான் நன்றாக அறிவேன்.

வேறு மாதிரி வந்தவர்களும் உண்டு. வெளியே 15 பங்கு வெள்ளிக்குக் கிடைத்த ஒரு பங்கு தங்கம் இங்கே ஏறக்குறைய 5 பங்குக்கே கிடைத்ததால், மெக்சிகோ டாலர் என்ற வெள்ளிக் காசைக் கொட்டித் தங்கக் காசை அள்ளிப் போனார்கள். அதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களைப் பார்த்த ஊர் அந்நியனிடம் உஷாராக இருப்பது நியாயம்தான், சரி, ஆனால் அந்தக் கணக்கை என் பேரில் எதற்கு எழுத வேண்டும்?

பக்கத்திலேயே யமாஷிதா பூங்காவில், 1923 நிலநடுக்கத்தின்போது இந்த ஊர் செய்த உதவிக்கு நன்றியாக இந்திய வியாபாரிகள் 1939-ல் கட்டிக்கொடுத்த நீர்க்கோபுரம் இருக்கிறது. அதன் கீழே நின்றபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் ஆட்களை இந்த ஊர் தாங்கியிருக்கிறது, இல்லையா?

பழகிவிட்டேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டுகிறேன், ரயிலில் போன் பேசுவதில்லை. அப்புறம் எங்கேயாவது புதுத்துணிக் கஞ்சி வாசம் அடித்தால் போதும், மனசு கரூர் ஜவஹர் பஜாருக்கு ஓடிவிடும். அங்கே அப்பா ஒரு போன் போட்டு, "நம்ம பையன்தாங்க, பார்த்துக்குங்க" என்றால் குடோன் சாவி கைக்கு வந்துவிடும், வாடகைப் பேச்சே மறுநாள்தான்.