புள்ளி இல்லாத எழுத்து

ஏப்ரல் 25, 2021
ரமலான் தொடங்கியதிலிருந்து ஜெருசலேம் பழைய நகரின் டமாஸ்கஸ் வாயில் படிக்கட்டில் போலீஸ் போட்டிருந்த தடுப்புகளை இன்றிரவு எடுத்துவிட்டார்கள். படியில் உட்கார்ந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. உட்கார இடம் கிடைத்ததற்கு ஊரே கொண்டாடுகிறது.

ஏப்ரல் 30
பாலஸ்தீனத் தேர்தல் ஒத்திவைப்பு. நாள்காட்டியில் மே 22ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். ஜெருசலேமில் வாக்குப்பதிவு நடத்த இஸ்ரேலின் ஒப்புதல் வரவில்லையாம், அதனால் எங்குமே வேண்டாமாம். நேற்றிரவு எங்கள் அதிபர் அப்பாஸ் பேசி முடிப்பதற்குள் அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். 2006இல் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று வாக்களித்தவர் அவர். எனக்கு அப்போது பதினொரு வயது. இப்போது இருபத்தாறு. இதுவரை நான் போட்ட வாக்கெல்லாம் போனில் அழுத்திய இதயக் குறிகள்தான்.

மே 4
கிழக்கு ஜெருசலேமின் ஷேக் ஜர்ராவில், வீட்டைவிட்டு வெளியேற்றப்படவிருக்கும் பாலஸ்தீனக் குடும்பங்களோடு தெருவிலேயே நோன்பு திறந்தோம். பிறகு கூட்டத்தைக் கலைக்க நாற்றத் தண்ணீர் பீய்ச்சும் போலீஸ் வண்டி வந்தது.

அங்கே வசிக்கும் முனா அல்-குர்த்தின் காணொளியை எட்டு முறை பார்த்துவிட்டேன். "இது உன் வீடில்லை என்று உனக்கே தெரியும்" என்கிறாள். முற்றத்தில் நிற்கும் இஸ்ரேலியக் குடியேறி, "நான் திருடாவிட்டால் வேறு யாராவது திருடுவார்கள்" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. 1956இல் அங்கே குடியமர்த்தப்பட்ட அகதிக் குடும்பங்கள் 28. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது படம் பிடிக்கிறார்கள்.

மே 6
இன்ஸ்டாகிராமில் என் காணொளியைக் காணவில்லை. நாற்பது வினாடி: வண்டி, தண்ணீர், செருப்பை விட்டுவிட்டு ஓடும் ஒரு பெரியவர். எச்சரிக்கையும் இல்லை, காரணமும் இல்லை. தோழிகளுக்கும் இதே கதை. சேமித்து வைத்த பழையவைகூடப் போய்விட்டன. மறுபடி ஏற்றினேன். போனது. மறுபடியும் ஏற்றினேன்.

இப்போது பலரும் அரபியைப் புள்ளியில்லாமல் எழுதுகிறோம். பா, தா, ஸா மூன்றும் ஒரே கிண்ணம். கீழே ஒன்று, மேலே இரண்டு, மேலே மூன்று என்று புள்ளிதான் பிரித்துக் காட்டும். அதை எடுத்துவிட்டால் இயந்திரம் தடுமாறுகிறது, மனிதர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள். பாட்டியிடம் நீட்டினேன். தங்குதடையில்லாமல் வாசித்தார். குர்ஆனின் பழைய ஏடுகளில் புள்ளி அபூர்வம் என்றார். இதற்குப் போய் இவ்வளவு பெருமைப்படுகிறாயா என்பதுபோல் பார்த்தார்.

மே 7
பதிவுகள் காணாமல் போனது தொழில்நுட்பக் கோளாறாம், இன்ஸ்டாகிராம் சொல்கிறது. உலகம் முழுவதுமாம். ஜாக்கெட்டை மூன்றாவது முறையாகத் துவைத்தேன். நாற்றம் போகவில்லை.

மே 9
ஷேக் ஜர்ரா வெளியேற்ற வழக்கில் நாளைய விசாரணையை இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் தள்ளிவைத்துவிட்டது. இது வெற்றியா? யாரைக் கேட்டாலும் தோளைக் குலுக்குகிறார்கள்.

மே 10
காலையில் அக்ஸா பள்ளிவாசலுக்குள் போலீஸ். மாலை ஆறு மணிக்கு காஸாவிலிருந்து ராக்கெட், அபாயச் சங்கு. இனி அந்த வீடுகளைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்?

மே 12
'அக்ஸா' என்ற ஹேஷ்டேக் முடங்கியதற்கு விளக்கம் வந்திருக்கிறது. ஏதோ ஆயுதக் குழுவின் பெயர் என்று நினைத்துவிட்டார்களாம். பள்ளிவாசலை!

மே 13
பெருநாள். காஸாத் தோழிக்கு வாழ்த்து அனுப்பினேன். ஒற்றை டிக். நேர்க்கோட்டில் எண்பது கிலோமீட்டர்கூட இருக்காது. இரண்டு வருடமாகப் பேசுகிறோம், நேரில் பார்த்ததே இல்லை.

மே 15
காஸாவின் அல்-ஜலா கோபுரத்தை இஸ்ரேல் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிவிட்டது. ஏபி, அல் ஜசீரா செய்தி நிறுவனங்களின் அலுவலகங்கள் இருந்த கட்டடம். அவர்களுக்கே இந்தக் கதி. என் நாற்பது வினாடி எம்மாத்திரம்.
ஒற்றை டிக்.

மே 18
பாலஸ்தீனர்களின் பொது வேலைநிறுத்தம். ஹைஃபா, ஜாஃபா, ரமல்லா, இங்கே, எல்லா இடத்திலும் கடையடைப்பு. மூடிய கதவுகளின் படங்கள் வந்துகொண்டே இருந்தன, சலிக்காமல் பார்த்தேன். 1936 வேலைநிறுத்தத்தின்போது பாட்டியின் அப்பா ஆறு மாதம் கடை திறக்கவில்லையாம். "போன் இல்லாமல் எப்படிச் சொல்லிக்கொண்டார்கள்?" என்றேன். "வாய் எதற்கு இருக்கிறது?" என்றார். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். இரவில் அழுகை வந்தது.

மே 19
ஒற்றை டிக்.

மே 21
இரவு இரண்டு மணிக்குப் போர்நிறுத்தம். தெருவெல்லாம் கார் ஹாரன்.
ஐந்தரைக்கு இரண்டு டிக். பிறகு நீலம். "சார்ஜ் இல்லை" என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான்.

ஜூன் 6
முனாவையும் அவளுடைய சகோதரன் முகமதையும் பிடித்துவைத்து, பிறகு விட்டார்கள். அம்மா என் போனைக் கேட்டார். கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் நீயே அழித்துவிடு என்றார். பாதியை அழித்தேன். அந்த நாற்பது வினாடி இருக்கிறது. எங்கே என்று இங்கே எழுத மாட்டேன்.

ஜாக்கெட்டை மறுபடி ஊறவைத்திருக்கிறேன்.