குத்துவிளக்குக்கு பீர் அபிஷேகம்: ஹில்ஸ்பரோ முதல் எடிசன் வரை 2,900 மைல்

வீடு மாற எடுத்த வாடகை லாரியைத் திருப்பிக் கொடுத்து நாலு நாள் ஆகிறது. நேற்று பார்த்தால் கிரெடிட் கார்டில் இன்னொரு 85 டாலர் எடுத்திருக்கிறார்கள். காரணம், 'துர்நாற்றம், சுத்தம் செய்த கூலி'. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் சல்லிசு, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்வதாகத்தான் திட்டம். வரிசை எவ்வளவு தூரம் தாங்குகிறது, பார்ப்போம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நியூஜெர்சியில் இருக்கும் எடிசனை விட்டு ஆரிகனில் இருக்கும் ஹில்ஸ்பரோவுக்கு வேலைக்காகப் போனோம். இந்த வசந்தத்தில் அந்த வேலை போய்விட்டது. "பேஸ்மென்ட் காலியாத்தான் கிடக்கு, கிளம்பி வாடா" என்றார் அண்ணன். ஆள் வைத்துச் சாமான் ஏற்றி அனுப்ப 8,200 டாலர் கேட்டார்கள். வேலை இல்லாதவனுக்கு அது கட்டுமா? லாரியை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுவது, பின்னால் டோ டாலியில் (காரின் முன்சக்கரங்களை ஏற்றி இழுக்கும் சின்ன வண்டி) காரைக் கட்டி இழுப்பது, முன் சீட்டில் நான், மனைவி, ஒன்பது வயது மகள் என்று முடிவாயிற்று.

இங்கே பீர் கதையைச் சொல்லியாக வேண்டும். ஆரிகன் எனக்குத் தந்த ஒரே கெட்ட பழக்கம் (மனைவி கணக்கில்), ஒரே நல்ல பழக்கம் (என் கணக்கில்), வீட்டிலேயே பீர் காய்ச்சுவது. போர்ட்லாண்டில் ஸ்டைன்பார்ட் என்று ஒரு கடை, 1918-இல் தொடங்கியது. உள்ளே போனால் முளைகட்டி அரைத்த பார்லி, அதாவது மால்ட், வாசனையிலேயே பாதி போதை ஏறிவிடும். முதல்முறை அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏன்டா, கள்ளச்சாராயமா காய்ச்சுறே?" என்று அலறினாள். இல்லை, 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை சொந்தக் குடிக்குக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது என்று விளக்கினேன். "200 கேலனா!" என்று இன்னும் சத்தமாக அலறினாள்.

கிளம்பும் வாரம் கடைசியாக பேல் ஏல் என்று ஒரு வகை பீர் போட்டிருந்தேன், கசப்புக்கும் வாசனைக்கும் காஸ்கேட் ஹாப்ஸ் பூ போட்டு. சர்க்கரை எவ்வளவு பாக்கி என்று பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.020 காட்டியது. 1.012-க்கு இறங்கிய பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். அதாவது இன்னும் ஈஸ்ட் தின்னாத சர்க்கரை உள்ளே பாக்கி. அதற்குக் காத்திருக்க நாளில்லை. கொட்டவும் மனசில்லை. வழக்கம்போல நுரைக்காக இன்னும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து 48 பாட்டிலில் அடைத்து மூடி அமுக்கினேன்.

"மாவு பொங்கி முடியறதுக்கு முன்னாடி டப்பாவை இறுக்கி மூடினா என்ன ஆகும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டாள் மனைவி, வெட் கிரைண்டரைப் போர்வையில் சுற்றிக்கொண்டே. தெரியும். ஆனாலும் ஏற்றினேன். கடைசியாக இடம் இருந்தது பூஜை சாமான் பெட்டிக்கு மேலேதான். ஐஸ் பெட்டியில் இட்லி மாவு ஒரு டப்பா, பக்கத்திலேயே அடுத்த காய்ச்சலுக்காக எடுத்து வைத்த ஈஸ்ட் ஒரு ஜாடி.

லாரி எடுத்த கதை தனி எரிச்சல். பதிவு செய்தது சின்ன வண்டி. கவுன்டரில் மூன்று மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, "அது இல்லை, 20 அடி வண்டி தருகிறோம், அதே காசுக்கு" என்று ஏதோ வரம் கொடுப்பதுபோலச் சொன்னார் அங்கிருந்தவர். வாடகை அதே காசு சரி, பெட்ரோலை யார் போடுவது? என் கணக்கில் கேலனுக்கு 9 மைல்கூடச் சரியாக வரவில்லை. ஒரு தடவை டேங்கை நிரப்பினால் 130 டாலர். முள் இறங்கும்போதெல்லாம் வயிறும் சேர்ந்து இறங்கியது.

முதல் நாள் கொலம்பியா ஆற்றங்கரை அழகுதான். மல்ட்னோமா அருவியில் நிறுத்த முடியாமல் மகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு போனாள். பெண்டில்டனைத் தாண்டினால் கேபேஜ் ஹில். முட்டைக்கோஸ் மலை என்று பெயரைக் கேட்டுச் சிரித்தோம், ஏற ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. 6 சதவீத ஏற்றத்தில் முப்பது மைல் வேகம், எமர்ஜென்சி விளக்கைப் போட்டுக்கொண்டு, கட்டை வண்டி மாதிரி. பாய்சியில் தூங்கினோம். மோட்டலில் பாத்ரூம் ஃபேனைப் போட்டு அதன் கீழே எலக்ட்ரிக் தவாவில் தோசை. இதற்கு மேல் ஐடஹோவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாள் வயோமிங். அனல், காற்று, ஆளில்லாத பொட்டல். மோட்டல் ரொட்டியும் சிப்ஸும் தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. லாரமி என்ற ஊருக்கு ஒரு இருபது மைல் இருக்கும்போது ஐ-80 நெடுஞ்சாலை ஓரமாக ஒரு டிரக் ஸ்டாப், அதில் பஞ்சாபி தாபா! இந்தச் சாலையில் லாரி ஓட்டும் சர்தார்ஜிகள் ஏராளம், அவர்கள் புண்ணியம். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த ஆலு பராட்டா, மேலே ஒரு கட்டி வெண்ணெய், எலுமிச்சை ஊறுகாய், ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. மகள் இரண்டு பராட்டா தின்றாள். நான் எத்தனை என்று சொல்லப்போவதில்லை. இந்தப் பயணத்தில் கொடுத்த காசு உறுத்தாத ஒரே இடம் அதுதான்.

வெளியே வந்தால் ஆப்பு. பசியில் லாரிகள் நிற்கும் பக்கம் போகாமல் கார்கள் நிற்கும் பக்கம் மூக்கை நுழைத்து நிறுத்தியிருந்தேன். டோ டாலியோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது, டாலி மடங்கிக்கொள்ளும். காரை இறக்கி, டாலியைக் கழற்றி, கையால் தள்ளி, லாரியைத் திருப்பி, மறுபடி மாட்ட வேண்டும். நான் காரைக் கட்டிய பட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து தாபாவிலிருந்து ஒரு பெரியவர், வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை, டீ டம்ளரோடு வந்தார். எனக்குத் தெரிந்த இந்தியைப் பேசினேன். அவர் பெருந்தன்மையாக இங்கிலீஷுக்கு மாறினார். இரண்டு பேரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் டாலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அப்போதுதான் அவர் லாரியின் பின்கதவுக்குக் கீழே கையைக் காட்டினார். சொட்டுச் சொட்டாக ஏதோ. விரலில் தொட்டு முகர்ந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். "பேட்டா, யே டீசல் நஹி ஹே." மகனே, இது டீசல் இல்லை என்றார்.

ஷட்டரைத் தூக்கியதும் அடித்த வாடையை எப்படிச் சொல்ல? புளித்த மாவும் ஊற வைத்த வைக்கோலும் சேர்ந்தால் எப்படியோ அப்படி. பெட்டி பஞ்சாய் ஊறிக் கிழிந்திருந்தது. வெயிலில் லாரிப் பெட்டி அடுப்பாகக் காய, மிச்சமிருந்த சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கிறது. வாயு போக வழியில்லை. எண்ணிப் பார்த்தேன், 48-இல் 19 காலி. கழுத்தோடு நின்ற பாட்டில், அடிப்பாகம் மட்டும் மிஞ்சிய பாட்டில், மூடி பறந்தது ஒன்றே ஒன்று. பழுப்புக் கண்ணாடிச் சில்லு மெத்தையில் குத்திக்கொண்டு நின்றது. கீழே பூஜைப் பெட்டியில் இரண்டு அங்குலம் பீர். மாமியார் சீராகக் கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு அதில் மிதக்காத குறை.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மிச்சம் 29 பாட்டிலும் எந்த நேரமும் வெடிக்கும். தொடவே பயம். மகளின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன், கையில் ஓவன் கையுறை, ஜூலை வெயிலில் தோல் ஜாக்கெட். ஒவ்வொரு பாட்டிலையும் ஈரத் துண்டில் சுற்றி மூடியை நெம்பினால் நாலடிக்கு நுரை. சரளைக்கல்லில் கொட்டக் கொட்ட மண் குடித்துக்கொண்டே இருந்தது. சர்தார்ஜி ஒதுங்கி நின்று வீடியோ எடுத்தார். ஒரு வாய் பார்க்கிறீர்களா என்று கேட்டேன், ட்யூட்டி என்று தலையாட்டினார். நான் மட்டும் பாட்டில் அடியில் ஒட்டியிருந்ததைத் துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல பீர். அதுதான் வயிற்றெரிச்சல்.

லாரமி தாண்டி ஐ-80-இன் உச்சி, 8,640 அடி. பெரிய லிங்கன் தலை ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே நிறுத்தி மெத்தையைக் காற்றில் காயவைத்தோம். சுற்றுலா வந்தவர்கள் லிங்கனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு போலீஸ் கார் தென்படும்போதெல்லாம் வியர்த்தது, நான் குடித்திருக்கவில்லை என்று லாரி வந்து சாட்சி சொல்லுமா என்ன!

நெப்ராஸ்கா 455 மைல், நேர்கோடு. அயோவா சோளம். இண்டியானா, ஒஹாயோவில் டோல், டாலி சக்கரத்துக்கும் சேர்த்து. பென்சில்வேனியாவில் ஐ-80-க்கு டோல் இல்லை, கும்பிட்டுவிட்டு ஓட்டினேன். செலவு என்று கேட்டால்: லாரி, டாலி 2,950, பெட்ரோல் 1,130, ஆறு இரவு மோட்டல் 610, சாப்பாடு 290, டோல் 95. ஆகமொத்தம் 5,075. துர்நாற்றத்துக்கு 85.

டெலவேர் ஆற்றுப் பாலத்தில் நியூஜெர்சிக்குள் வரக் காசில்லை, வெளியே போகத்தான் காசு. உள்ளே வந்து பெட்ரோல் போட இறங்கினால் பங்க் ஆள் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மறந்தே போயிருந்தது. 1949-இலிருந்து இங்கே நாமே போட்டுக்கொள்ளக் கூடாது. ஆரிகனிலும் 1951 முதல் அப்படித்தான், 2023-இல்தான் தளர்த்தினார்கள். கொளுத்தும் வெயிலில் ஒருவர் நமக்காக நின்று போடும்போதுதான் ஊருக்கு வந்துவிட்ட நினைப்பே வந்தது.

அண்ணன் வீட்டில் இறக்கும்போது இருட்டிவிட்டது. அண்ணி முதலில் பூஜைப் பெட்டியைத்தான் கையில் எடுத்தார். மோட்டல் மோட்டலாகப் புளி போட்டுத் தேய்த்திருந்தோம். குத்துவிளக்கை மூக்கருகே கொண்டுபோய், "என்னடி இது, புளிச்ச வாடை?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "இட்லி மாவு சிந்திடுச்சுக்கா" என்றாள் என் மனைவி.