நேரம் கொடுத்தால் பதில் வரும்

சோதனைத் தாளின் மேல்வரிசையில் ஒன்பது குறிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் 1 முதல் 9 வரை ஓர் எண். கீழே வெறும் குறிகள் மட்டும் வரிசை வரிசையாக இருக்கும். மேலே பார்த்து, அதற்குரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 90 வினாடி. மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் உள்ளவர்களின் யோசனை வேகத்தை அளக்க எங்கள் பணியில் அடிக்கடி கையிலெடுப்பது இதைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் தெரியும்: பெரும்பாலோர் தப்பாகச் சொல்வதில்லை. சரியாகத்தான் சொல்கிறார்கள், அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. போன தடவையைவிட நாலு எண் குறைந்தாலே கவனிக்க வேண்டிய மாற்றம் என்று குறித்துக்கொள்வோம்.

இந்த நோயில், நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற பாதுகாப்பு உறையை உடலின் எதிர்ப்பு மண்டலமே சிதைத்துவிடுவதால் செய்தி தாமதமாகப் போகிறது. சில இடங்களில் நின்றும் போகிறது. வீட்டில் இதற்குப் பெயர் "சொன்னா காதுலயே வாங்கறதில்ல". பேச்சின் முதல் பாதி மனசில் ஏறுவதற்குள் இரண்டாம் பாதி வந்து விழுகிறது. முதலிலேயே பதியாத ஒன்றை அப்புறம் எப்படி நினைவுக்குக் கொண்டுவருவது? மறதி என்று வீட்டார் சொல்வதில் நிறைய இந்த வகைதான். இதைச் சோம்பல் என்றும் அலட்சியம் என்றும் திட்டுவதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு செய்தி. டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை குறுக்கிடாதீர்கள். முக்கியமானதை அவர் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குறிப்பெழுத நோட்டு ஒன்றே ஒன்று போதும். துண்டுச்சீட்டு, செயலி, காலண்டர் என்று சிதறினால் எதில் எழுதினோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். அலாரம் வெறுமனே அடித்தால் எதற்கு அடித்தது என்று தெரியாது. "இரவு மாத்திரை, சாப்பிட்டபின்" என்று திரையில் எழுத்தும் வர வேண்டும். இவற்றில் அதிகம் பலன் தருவதாக நாங்கள் நினைப்பது இது: ஒரு வேலையைப் பாதியில் விட்டு எழும்போது, அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரி எழுதி வைத்துவிட்டு எழுவது. திரும்பி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

மந்தம் திடீரென்று கூடினால் மருந்துப் பட்டியலையும் பாருங்கள். சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டைலின், கார்பமசெபின், மூன்றுமே தலையை மந்தமாக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கக் குறைவையும் மனச்சோர்வையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் சூடு. உடலை வருத்தி உழைத்தபின் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே எழுதிவைத்தார்; காரணம் உடற்சூடு என்பது பின்னால்தான் தெரிந்தது. உடலின் சூடு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே உறை போன நரம்பில் செய்தி தடைபடலாம். பார்வை மங்கும், மதமதப்பு கூடும், வார்த்தை சிக்காது. உடல் குளிர்ந்தால் பழையபடி ஆகிவிடும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாமல் புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சூட்டின் விளைவு என்று விட்டுவிடாமல் வேறாகப் பார்க்க வேண்டும்; மருத்துவரை உடனே அழையுங்கள்.

உடல் உணர்வில் வரும் தொல்லைகளில் சில பார்ப்பவரைப் பயமுறுத்தும். கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியே ஷாக் அடித்தது போல் இறங்கும். மார்பைச் சுற்றி வார் போட்டு இறுக்கியது போல் இருக்கும். இந்த இறுக்கம் முதல்முறை வரும்போது நோயின் மேல் பழிபோட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்; இதயத்தைச் சோதித்தே ஆக வேண்டும்.

மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது. குளிக்கும் தண்ணீரை முழங்கையால் பாருங்கள். அங்கும் மரத்திருந்தால் தெர்மாமீட்டர் வையுங்கள், 38 டிகிரி போதும். பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதைக் கால் சொல்லாதபோது கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடியதும் அந்தத் துணையும் போய்விடும், ஆள் சாய்ந்துவிடுவார். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் சுவரில் பதித்த பிடியைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு கண்ணை மூடட்டும்.